பசுவின் மடியும் கறப்பவர் கையும்

மடி என்னும் சொல் தமிழிலே பல பொருள் தருவது. தாயின் மடியும் மடிதான். பசுவின் மடியும் மடிதான். சோம்பலையும் நம் முன்னோர் மடி என்றே வழங்கினர். தூய்மை காத்தலை மடி என்று கூறுவாரும் உளர். தமிழாசிரியர் ஒருவர் வகுப்பிலே சொல்லி மகிழத்தக்க செய்தி இது. ஆயின், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்த நான்கும் வேண்டியிருக்கின்றன. பசுவின் மடியை நோய் அணுகாமற் காப்பது எப்படி என்பதே அப்பொருள். அதற்குத் துணை தூய்மையாகிய மடி. அதற்குப் பகை சோம்பலாகிய மடி. அதனாற் பயன் பெறுவது தாய் மடியிலே கிடக்கும் குழந்தை.

நான் கால்நடை வைத்தியன் அல்லேன். கலைப்பட்டம் பெற்றுப் பாடசாலையிலே பணிபுரிபவன். வைத்தியர் பேசவேண்டிய பொருளை அதிபர் ஏன் பேசுகிறார் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். காரணம் எளியது. எங்கள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுட் சிலர் விடியுமுன் எழுந்து, பசுவைக் கறந்து, பாலைச் சேகரிப்பு நிலையத்திற் கொடுத்துவிட்டே வகுப்புக்கு வருகின்றனர். அவர்களுடைய அப்பியாசக் கொப்பியும், காலணியும், பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் அந்தப் பாலிலிருந்தே வருகின்றன. வன்னிப் பெருநிலத்திலே, 2009ஆம் ஆண்டின் பின் மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகப் பசுக்களே வழங்கப்பட்டன. கணவனை இழந்த தாய் ஒருத்திக்கு ஒரு பசு என்பது ஒரு சிறு உத்தியோகத்துக்குச் சமம். அந்தப் பசுவின் மடியில் ஒரு பங்கு கெட்டுப்போனால், அந்த வீட்டின் வருவாயிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே இது பாடசாலைக்கும் உரிய பொருள்தான்.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். நம் நாட்டின் பாற்றேவைக்கு உள்நாட்டுப் பால் போதாமையால், பால்மாவைப் பெருமளவில் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறோம். 2021, 2022ஆம் ஆண்டுகளிலே பால்மாத் தட்டுப்பாடு ஏற்பட்டு, கடைவாசல்களில் மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். பசு நிற்கும் நாட்டிலே பாலுக்கு வரிசை. இருக்கின்ற பசுவிடமிருந்து கிடைக்கவேண்டிய பாலை நோய்க்குப் பறிகொடாமற் காப்பது, புதிதாக ஒரு பசுவை வாங்குவதிலும் மலிவான முயற்சி அன்றோ?

முதலில் மடியின் அமைப்பை அறிந்துகொள்வோம். வெளியே பார்ப்பவருக்கு மடி ஒன்றாகத் தோன்றும். உள்ளே அது நான்கு அறைகள் கொண்ட வீடு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு காம்பு. ஒவ்வொரு காம்புக்கும் ஒரு துளை. ஓர் அறையிற் சுரக்கும் பால் மற்றோர் அறைக்குச் செல்வதில்லை. ஓர் அறையிலே புகுந்த நோயும் உட்சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் செல்வதில்லை. அவ்வாறாயின் ஒரு காம்பில் இருந்த நோய் மறு காம்புக்கு வருவது எங்ஙனம்? வாசல் வழியாகவே வருகின்றது. அதனை வாசலுக்கு வாசல் சுமந்து செல்வது பெரும்பாலும் கறப்பவரின் கை. அல்லது அவர் மடியைத் துடைக்கும் துணி. இயந்திரத்தாற் கறக்கும் பண்ணைகளிலே அந்த இயந்திரத்தின் கிண்ணம்.

காம்பின் நுனியிலுள்ள அந்த வாசல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமே உள்ள ஒரு சிறு குழாய். அதனைச் சுற்றி ஒரு தசைவளையம் இருக்கின்றது. கறவை இல்லாத வேளையில் அவ்வளையம் சுருங்கி வாசலை மூடிக்கொள்ளும். குழாயின் உட்புறத்திலே மெழுகு போன்ற ஒரு பூச்சு இருந்து கிருமிகளைப் பிடித்து நிறுத்தும். இயற்கை அமைத்த கதவும் தாழ்ப்பாளும் இவை. ஆனால் கறந்து முடிந்தவுடன் அந்தக் கதவு உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையில் அது சற்றுத் திறந்தே இருக்கின்றது. பசுவின் மடிக்கு ஆபத்தான வேளை இதுதான். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், நான் பின்னர்ச் சொல்லப்போகும் விதிகளுட் பல தாமாகவே விளங்கும்.

இனி வாசலிலே காத்திருக்கும் பகைவரைப் பார்ப்போம். மடியழற்சி என்று வைத்தியர் கூறும் இந்நோயை உண்டாக்கும் பற்றீரியாக்கள் இரு வகையின. ஒரு வகை, நோயுற்ற மடியிலேயே குடியிருந்து, கறவை நேரத்தில் ஒரு பசுவிலிருந்து மற்றொரு பசுவுக்குத் தாவுவது. ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலாக்ரியே என்பதும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியஸ் என்பதும் இவ்வகையின. அகலாக்ரியே என்னும் பெயர் பாலின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோயின் விளைவையே கிருமிக்குப் பெயராக இட்டிருக்கின்றனர். மற்றை வகை, சாணத்திலும் சேற்றிலும் ஈரவைக்கோலிலும் வாழ்ந்து, பசு படுக்கும்போது காம்பின் நுனியிலே ஒட்டிக்கொள்வது. ஸ்ரெப்ரோகொக்கஸ் யூபெரிஸ் என்பது இவ்வகையில் முதன்மையானது. மடி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. ஆண்டு முழுவதும் பசுக்களைப் புற்றரையிலே மேயவிடும் நியூசிலாந்து நாட்டுப் பண்ணையாளர்க்குப் பெருந்தொல்லை தருவது இதுவே. ஆகவே, “என் பசு கொட்டிலிலே அடைந்து கிடப்பதில்லை, திறந்த வெளியிலே மேய்கிறது, அதற்கு நோய் வராது” என்று எண்ணி எவரும் வாளாவிருத்தல் கூடாது.

மேய்ச்சற் பசுவுக்குச் சில நலன்கள் உண்டு என்பது உண்மையே. அது நாள் முழுவதும் ஒரே இடத்திற் சாணத்தின் மேற் படுப்பதில்லை. காலையிற் கறந்து அவிழ்த்துவிட்டால் உடனே நடக்கத் தொடங்குகிறது; காம்பின் வாசல் மூடுவதற்கு அவகாசம் கிடைக்கின்றது. ஆனால் அதற்குரிய இடர்களும் உண்டு. பட்டி வாசலிலே பசுக்கள் நெருக்கி மிதித்த சேறு; மழைக்காலத்திற் குளக்கரையிலும் தரவையிலும் தேங்கும் நீர்; வெயிலுக்கு ஒதுங்கும் ஒரே மரநிழலிலே மாதக்கணக்கிற் சேர்ந்த சாணம்; மடியைக் கீறும் முட்கம்பி, பனைமட்டைக் கருக்கு, பற்றை முட்கள்; காம்பிலே கடிக்கும் உண்ணி; புண்ணிலே மொய்க்கும் இலையான். இவையெல்லாம் வாசலை நோக்கிய பாதைகள். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் மாரியிலே இவ்விடர் மிகும்.

நோயின் இயல்பிலே மிகக் கொடியது அதன் மறைவு. மடி வீங்கிச் சிவந்து, தொட்டாற் பசு உதைத்து, பாலிலே திரளை திரளையாக வந்தால் அதனை யாரும் அறிவர். அத்தகைய வெளிப்படையான நோயிலும் பல மடங்கு மிகுதியாக இருப்பது வெளியே தோன்றாத மறைநோய். மடி பார்வைக்கு நன்றாயிருக்கும். பால் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அளவு சிறிது சிறிதாகக் குறையும். கொழுப்பும் பிற திண்மங்களும் குன்றும். அவற்றை அளந்து விலை கொடுக்கும் நிலையத்திலே பணமும் குன்றும். பாலிலே உப்பின் பங்கு மிகும். பால் குறைந்ததற்குக் காரணம் புல் இன்மை என்பர் சிலர். கண்ணூறு என்பர் சிலர்.

எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தியின் வீட்டிலே இவ்வாறே நிகழ்ந்தது. கலப்பினப் பசு, இரண்டாம் ஈற்று. பின்னங்காம்பு ஒன்றிற் பால் நாளுக்கு நாள் குறைந்தது. தாயார் பட்டிவாசலிலே மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். சில கிழமைகளுக்குள் அந்த அறை கல்லாயிற்று. வைத்தியர் வந்து பார்த்தபோது, அந்த அறை இந்த ஈற்றிலே மீளாது என்று கூறிவிட்டார். கன்றுக்கு விடும் பங்கா, விற்கும் பங்கா, வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் பங்கா, எதனைக் குறைப்பது என்பது அந்தத் தாயின் முன்னே எழுந்த கேள்வி. அவர் குறைத்தது வீட்டுப் பங்கையே. அன்றிலிருந்து அந்த மாணவி தேநீர் மாத்திரமே அருந்தி வகுப்புக்கு வந்தாள். கண்ணூறு கழிப்பதிலே அந்தத் தாயார் காட்டிய சிரத்தையை நான் இகழவில்லை. பசுவின்மேல் அவர் கொண்ட அன்பின் அடையாளம் அது. அதே அன்புக்குச் சரியான வழியைக் காட்டுவது கற்றவர் கடன்.

கையே நோயைச் சுமக்கும் என்னும் உண்மையை மனிதர் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. 1847ஆம் ஆண்டிலே ஒஸ்திரிய நாட்டின் வியன்னா நகரப் பெருவைத்தியசாலையிலே செமல்வைஸ் என்னும் மருத்துவர் பணிபுரிந்தார். அங்கே மகப்பேற்றுப் பிரிவு இரண்டு இருந்தன. மருத்துவர் பணிபுரிந்த பிரிவிலே பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் தொகை, மருத்துவிச்சியர் பணிபுரிந்த பிரிவிலும் மிகுதியாக இருந்தது. பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர் தாய்மாரைத் தொட்டதே காரணம் எனச் செமல்வைஸ் கண்டார். குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிலே கைகழுவிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும் என்று விதித்தார். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. எனினும், தம் கையே மரணத்தைக் கொணர்ந்தது என்பதைப் பெரிய மருத்துவர் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. கற்றறிந்த மருத்துவருக்கே அப்படியாயின், இருளிலே எழுந்து அவசரமாகக் கறக்கும் நம் கமக்காரரைக் குறைகூறுவது தகாது. அவருக்குக் காரணத்தை விளக்கிச் சொன்னால் அவர் செய்வார்.

பசுவின் விடயத்திலே இதனை ஐயமறக் காட்டிய ஆராய்ச்சி 1960களில் இங்கிலாந்திலே நடந்தது. றெடிங் நகருக்கு அருகே ஷின்பீல்ட் என்னுமிடத்தில் அக்காலத்தில் இருந்த தேசிய பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நீவ், டொட், கிங்வில் முதலியோர், பண்ணைகளிலே நேரடியாகச் சோதனை செய்து, 1969ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுடைய பணியிலிருந்து ஐந்து அங்கத் திட்டம் ஒன்று உருவாயிற்று. கறந்தவுடன் காம்பைக் கிருமிநீக்கி நீரிலே தோய்த்தல். பால் வற்றவிடும் வேளையில் மடிக்கு மருந்திடல். வெளிப்பட்ட நோயை உடனே சிகிச்சை செய்தல். தீராத நோயுள்ள பசுவை மந்தையிலிருந்து நீக்கல். கறவை இயந்திரத்தைச் சீராகப் பேணல் என்பன அவ்வைந்து. கறந்தபின் காம்பைத் தோய்த்தல் என்னும் ஒரு செயல் மாத்திரமே புதிதாக வரும் தொற்றைப் பாதியளவு குறைக்க வல்லது எனக் கண்டனர். விலையுயர்ந்த மருந்து எதுவும் செய்யாத வேலையை ஒரு சிறு கிண்ணம் செய்கின்றது.

இனி, நம் கொட்டிலுக்கும் பட்டிக்கும் ஏற்றபடி செய்யத்தக்கவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். எழுதுகோல் கையில் உள்ளோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கறக்குமுன். கறப்பவர் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இரு கைகளையும் முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். ஒரு பசுவைக் கறந்து அடுத்த பசுவைத் தொடுமுன் மீண்டும் கழுவவேண்டும். கையிலே சீழ்ப்புண் உள்ளவரும் தொண்டை நோவு உள்ளவரும் அந்நாட்களிற் கறவாதிருப்பது பசுவுக்கும் நலம், பால் அருந்துபவருக்கும் நலம். காம்புகள் அழுக்காயிருப்பின் சிறிதளவு சுத்தமான நீராற் காம்பை மாத்திரம் கழுவி, உலர்ந்த துணியாலே ஈரம் போகத் துடைக்கவேண்டும். இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். மடி முழுவதிலும் ஒரு செம்பு நீரை ஊற்றி, கையாலே தடவிவிட்டு, சொட்டச் சொட்டக் கறக்கத் தொடங்குகின்றனர். மடியின் மேற்புறத்து அழுக்கெல்லாம் அந்நீரோடு இறங்கிக் காம்பின் வாசலிலே நிற்கின்றது. நனைத்துத் துடையாமல் விடுவதிலும் நனையாமல் விடுவதே மேல். துணி ஒரு பசுவுக்கு ஒன்றாக இருக்கட்டும். பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொண்டாற் போதும். நாள்தோறும் அவற்றைக் கொதிநீரிலிட்டு வெயிலிற் காயவைக்கவேண்டும்.

இரண்டாவது, முதற்பாலைப் பார்த்தல். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீரைக் கரிய துணி கட்டிய கிண்ணத்திலோ கரிய தட்டிலோ பீச்சிப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பாலிலே வெள்ளைத் திரளை தெரியாது. கரிய பின்னணியில் உடனே தெரியும். திரளை, நீர்த்தன்மை, மஞ்சள் நிறம், குருதிச் சாயல் இவற்றுள் எது கண்டாலும் அந்தப் பாலை வேறாக்குக. அந்த முதற்பாலை நிலத்திலே பீச்சுவதும் கையிலே ஏந்திப் பார்ப்பதும் கூடா. நிலத்திற் பீச்சினால் பசு படுக்கும் இடத்திலே நோயை விதைத்தவர் ஆவோம்.

மூன்றாவது, கறக்கும் முறை. விரல்களைப் பாலிலே நனைத்துக்கொண்டு கறக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். உலர்ந்த கையாலே, ஐந்து விரல்களும் உள்ளங்கையும் கூடிக் காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக அழுத்திக் கறப்பதே சிறந்தது. பெருவிரலை மடித்து அதன் மூட்டாலே காம்பை நெரித்துக் கறப்பது உள்ளே காயத்தை உண்டாக்கும். காயம் நோய்க்கு இடம் கொடுக்கும். மடி தொடப்பட்ட ஏறத்தாழ ஒரு நிமிடத்திலே பசுவின் உடலிலே பாலை இறக்கும் சுரப்பு வேலை செய்யத் தொடங்குகிறது; சில நிமிடங்களே அது நிலைக்கும். ஆதலாற் பேச்சை நிறுத்தி, தாமதியாமல், அமைதியாகக் கறந்து முடிக்கவேண்டும். பசுவை அடிப்பதும் அதட்டுவதும் பாலை மேலே ஏற்றிவிடும். மடியிற் பால் தங்கிவிடும். கன்றை ஊட்டவிட்டுக் கறப்பவர், ஊட்டிய பின் காம்புகளைக் கழுவித் துடைத்துவிட்டுக் கறக்கவேண்டும்.

நான்காவது, கறவையின் வரிசை. கன்னியீற்றுப் பசுவை முதலிலும், நோயற்ற பசுக்களை அடுத்தும், நோயுற்றதை இறுதியிலும் கறக்கவேண்டும். நோயுள்ள காம்பை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடவேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஐந்தாவது, கறந்து முடிந்தபின். நூற்றுக்கு அரை வீதம் அயடீன் கொண்ட காம்புத் தோய்நீர் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி பெறக்கூடியது. அதனைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, ஒவ்வொரு காம்பையும் முழுமையாகத் தோய்த்துவிடவேண்டும். கிண்ணத்திலே எஞ்சியதைப் போத்தலில் மீண்டும் ஊற்றாமல் வீசிவிட வேண்டும். பின்னர்ப் பசுவைச் சிறிது நேரம் படுக்கவிடக் கூடாது. காலையிலாயின் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடலாம். ஆனால் செல்லும் வழி சேற்றினூடாகவோ மடி நனையும் நீரினூடாகவோ இருத்தலாகாது. மாலையிலாயின் புல்லோ வைக்கோலோ புண்ணாக்கோ முன்னே வைத்தால் அது நின்று தின்னும். தின்று முடியுமுன் காம்பின் கதவு மூடிவிடும். கறப்பதற்கு முன் தீன் வைக்கும் வழக்கத்தைச் சற்றே மாற்றி, ஒரு பங்கையேனும் கறந்தபின் வைத்தால் இரட்டைப் பயன்.

ஆறாவது, பாத்திரமும் படுக்கையும். பால் வாளியை முதலிற் குளிர்நீரால் அலசி, அதன் பின்னரே சுடுநீரும் சவர்க்காரமும் இட்டுக் கழுவி, கவிழ்த்து வெயிலிலே காயவைக்கவேண்டும். முதலிலேயே கொதிநீரை ஊற்றினாற் பாலின் புரதம் பாத்திரத்திலே படிந்துவிடும். இரவிற் பசு படுக்கும் இடம் மேடாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும். மணல் கிடைக்கும் ஊர்களிலே மணற்படுக்கை மிக நன்று. வைக்கோலிற் பெருகுவதுபோலக் கிருமிகள் மணலிற் பெருகா. பட்டியையும், பசுக்கள் நிழலுக்கு ஒதுங்கும் இடத்தையும் முறைவைத்து மாற்றுக. சேற்றுக் குழியைச் சுற்றி ஒரு வேலி போடுக.

இனி மறைநோயைக் கண்டுபிடிப்பது எப்படி? 1957ஆம் ஆண்டிலே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாம், நூர்லாண்டர் என்போர் ஓர் எளிய சோதனையை அமைத்தனர். மடியிலே நோய் புகுந்தால் அதனை எதிர்க்க உடலின் வெண்குருதிக் கலங்கள் பாலிலே திரளும். நலமான மடியின் ஒரு மில்லிலீற்றர் பாலில் ஒரு இலட்சத்துக்கும் குறைவான கலங்களே பொதுவாக இருக்கும். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டால் நோய் உண்டென ஐயுறவேண்டும். சலவைப் பொருளின் இயல்புள்ள ஒரு திரவத்தைப் பாலோடு கலந்தால், கலங்கள் மிகுந்த பால் கஞ்சிபோலத் தடிக்கும். இதனையே வீட்டிலும் செய்யலாம். நூறு பங்கு நீரிலே மூன்று பங்கு சலவைத்தூளைக் கரைத்து, நான்கு சிறு கிண்ணங்களிலே நான்கு காம்பின் பாலையும் வேறுவேறாக எடுத்து, ஒவ்வொன்றிலும் பாலின் அளவுக்குச் சமமாக அக்கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பார்க்கவேண்டும். எது தடிக்கின்றதோ அந்தக் காம்பிலே ஐயம். கன்று ஈன்ற முதற் சில நாட்களிலும் பால் வற்றும் தறுவாயிலும் இச்சோதனை பொய் சொல்லக்கூடும். சோதித்த பாலை எவருக்கும் கொடாமல் வீசிவிட வேண்டும். எங்கள் பாடசாலையிலே விஞ்ஞான ஆசிரியர் இதனை மாணவருக்குச் செய்துகாட்டினார். பரீட்சைக்காகப் படித்த வெண்குருதிக் கலத்தைத் தம் வீட்டுப் பாலிலே கண்ட பிள்ளைகள், மறுநாள் அயலவர் வீடுகளுக்கும் கிண்ணத்தோடு சென்றனர்.

நோய் கண்டால் வைத்தியரை நாடுங்கள். பெனிசிலின் முதலிய மருந்துகள் பெருநன்மை செய்தவை. ஆயின் அவற்றைத் தாமாகவே வாங்கிக் காம்பினுள் ஏற்றுவதும், இரண்டு நாளிலே திரளை மறைந்ததும் நிறுத்திவிடுவதும், கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் பயிற்சி கொடுப்பதாகும். ஸ்ரபிலோகொக்கஸ் இப்பயிற்சியில் முதல்வகுப்பு மாணவன். மருந்திட்ட பசுவின் பாலை, வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை விற்கவும் கூடாது, அருந்தவும் கூடாது. அதனைச் சட்டியிலே தோய்த்தால் தயிர் உறையாமற் போகலாம். உறையவைக்கும் நற்கிருமியையும் அம்மருந்து கொன்றுவிடுகின்றது. தயிருக்குப் பெயர்போன மட்டக்களப்பு நேயர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

கன்று ஈனுவதற்கு ஏறத்தாழ அறுபது நாட்களுக்கு முன் பசுவுக்குப் பால் வற்றவிட வேண்டும். அவ்வேளையிலே மடிக்கு மருந்திடலாமா, எந்தப் பசுவுக்கு இடலாம் என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும். எல்லாப் பசுவுக்கும் கண்மூடி மருந்திடும் வழக்கத்தை உலகம் இப்போது கைவிட்டு வருகின்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலே 2022ஆம் ஆண்டு சனவரி முதல் அது சட்டத்தாலே தடுக்கப்பட்டுள்ளது. மருந்து குறையக் குறையச் சுத்தத்தின் கடமை கூடுகின்றது.

பாலைக் காய்ச்சிவிட்டால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். பாலைக் காய்ச்சியே அருந்தவேண்டும், அதிலே ஐயமில்லை. காய்ச்சினாற் கிருமி சாகும். ஆனால் ஸ்ரபிலோகொக்கஸ் பாலிலே பெருகி, ஒருமுறை நஞ்சைச் சுரந்துவிட்டால், அந்நஞ்சு கொதியிலும் அழிவதில்லை. ஆகவே நோயுற்ற மடியின் பாலை வேறாக்குவதும், நல்ல பாலை வெப்பத்திலே மணிக்கணக்கில் வைத்திராமல் விரைவிலே நிலையத்திற் சேர்ப்பதும் நம் கடமை.

“எங்கள் பாட்டன் இவையெல்லாம் செய்தாரா?” என்று கேட்கும் பெரியவர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். கேள்வி நியாயமானதே. பாட்டனின் நாட்டுப்பசு கொடுத்தது சிறிதளவு பால். கன்று வேண்டுமளவு ஊட்டியது. எஞ்சியதையே அவர் கறந்தார். அதன் மடி சிறிது. நிலத்திலிருந்து உயர்ந்து நின்றது. இன்று நாம் வளர்ப்பது சாதிமாடு. அதன் மடி பெரிது, தாழ்ந்து தொங்குவது, பால் மிகுதி. பெரிய வாசல் வைத்து வீடு கட்டியவன் நல்ல கதவும் போடவேண்டும். பாட்டனிடம் இருந்த ஒரு நற்பழக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. கைகால் அலம்பாமல் அவர் கொட்டிலுக்குள்ளே நுழைந்ததில்லை. இன்றைய விஞ்ஞானம் அந்தப் பழக்கத்துக்குச் சவர்க்காரத்தையும் காரணத்தையும் சேர்த்துத் தருகின்றது.

நேயர்களே, மாட்டுப்பொங்கலன்று பசுவை நீராட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டுகிறோம். அது ஆண்டுக்கு ஒருநாள். கழுவிய கை, உலர்ந்த துணி, கரிய கிண்ணம், கறந்தபின் காம்புக்குத் தோய்நீர், படுக்குமுன் ஒரு பிடி புல். இந்த ஐந்தும் நாள்தோறும் காலையும் மாலையும் செய்யத்தக்க வழிபாடு. இதற்கு ஒரு பசுவுக்கு ஐந்து நிமிடம் மேலதிகமாகச் செல்லாது. நாளைக் காலையிலேயே தொடங்கலாம். கொட்டிலுக்குப் போகுமுன் சவர்க்காரத் துண்டு ஒன்றைக் கிணற்றடியிலே எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.